படுத்தாலும் குறையாத முதுகுவலி: எப்போது, எப்படிக் காட்டுவது

முதுகுவலி என்று டாக்டரிடம் போகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் இருப்பதில்லை. அந்த அரிதான வலியை அதன் போக்கை வைத்துத்தான் சந்தேகிக்க முடியும். தசைப்பிடிப்பு குனிந்தால் கூடும், படுத்தால் தணியும். எலும்பில் கட்டி இருந்தால் படுத்தாலும் வலிக்கும், தூக்கத்தைக் கலைக்கும், வாரத்துக்கு வாரம் ஏறும். 50 வயதுக்குமேல் புதிதாக வந்து நான்கு வாரம் தாண்டிய வலியைக் காட்டிவிடுங்கள். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் புற்றுநோய் முன்பே வந்தவர்கள் நான்கு வாரம் காத்திருக்கவே வேண்டாம்.

போவதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள். "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதைவிட இப்படி ஒரு வரி உதவும்: "இரவு 2.30, நடுமுதுகு, பத்துக்கு 6, புரண்டு படுத்தும் குறையவில்லை, பாராசிட்டமால் 650 போட்டு மூன்று மணி நேரம் தாங்கியது." எடையையும் பாருங்கள். 60 கிலோ இருந்தவர் காரணமில்லாமல் ஆறு மாதத்தில் 3 கிலோ இறங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பலர் தடுமாறுவது எக்ஸ்ரேயில்தான். எலும்பின் தாதுச்சத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே அதில் தெரியும். ஆகவே படம் 'நார்மல்' என்றாலும் வலி ஏறிக்கொண்டே போனால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி உண்டா என்று காட்டுவது), கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பார்ப்பார்கள். எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோயான மைலோமா என்று சந்தேகம் இருந்தால், ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸ். புராஸ்டேட் சந்தேகம் உள்ள ஆண்களுக்கு அதற்கான ரத்தச் சோதனை பி.எஸ்.ஏ.

அதுவரை மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். வலி மறையும், நோய் மறையாது. மைலோமா இருந்தால் அந்த மாத்திரையால் சிறுநீரகமும் கெடலாம். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் முதுகில் ஏறி மிதிக்கவும் விடாதீர்கள். அரித்த எலும்பு அங்கேயே நொறுங்கலாம்.

கால் தளர்ந்தால், சிறுநீர் அடைத்தால், உட்காரும் இடம் மரத்தால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள்கொள்ளுங்கள். மறுநாள் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் அன்றே, இரவானாலும், எம்.ஆர்.ஐ. உள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள்.