ஒற்றைச் சொல் மந்திரத்தைத் தமிழில் ஏவுவது எப்படி?

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், முழுக்கத் தமிழில். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. பகடை உருட்டுவது, உயிர்ப்புள்ளி கழிப்பது எல்லாம் எந்த மொழியிலும் ஒன்றுதான். அவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. எங்களைப் படாதபாடு படுத்தியவை, சொற்களை எண்ணச் சொல்லும் மந்திரங்கள். விதிநூல் "ஒரு சொல்" என்கிறது. அது ஆங்கிலத்துக்கு எழுதிய விதி. தமிழில் ஒரு சொல் எங்கே முடிகிறது? மூன்று வாரம் சண்டை போட்ட பிறகு நாங்களே வகுத்துக்கொண்ட முறை இது.

கதையைச் சொல்லி, எதிரிகளையும் ஆட்டுவித்து, விதிகளில் தீர்ப்பும் சொல்லும் டன்ஜன் மாஸ்டரை 'நடத்துநர்' என்று அழைத்துப் பார்த்தோம். இரண்டாவது வாரமே என் தங்கை அவரிடம் மீதிச் சில்லறை கேட்டாள். அதனால் கீழே டிஎம் என்றே எழுதுகிறேன்.

படி 1: பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கமாண்ட் முதல் நிலை மந்திரம். 60 அடிக்குள் நிற்கும் ஓர் உயிருக்கு ஒரே சொல்லில் ஆணையிடுவீர்கள். மந்திரத்தைத் தடுக்க அது பகடை உருட்டும், அதுதான் தடுப்பு உருட்டல். அதில் தோற்றால், தன் அடுத்த முறையில் கீழ்ப்படிய வேண்டும். 2014 பதிப்பில் ஐந்து மாதிரி ஆணைகளைத் தந்துவிட்டு, வேறு சொல்லும் சொல்லலாம், விளைவை டிஎம் முடிவு செய்வார் என்று விட்டிருக்கிறார்கள். 2024 பதிப்பில் அந்த ஐந்தோடு கதவைச் சாத்திவிட்டார்கள். என்னைக் கேட்டால் 2014 பதிப்பை எடுங்கள். புதியதில் வாதாட எதுவுமே இல்லை.

நீங்கள் பேசும் மொழி எதிரிக்குப் புரிய வேண்டும் என்பதையும் 2014 பதிப்பு கேட்கிறது. பேசத் தெரிந்த குட்டிப் பூதமான கோப்ளினிடம் செல்லும், ஓநாயிடம் செல்லாது. நேரடியாகத் தீங்கு தரும் ஆணையும் பலிக்காது.

படி 2: எது ஒரு சொல்?

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நான் வைத்த விதி எளியது: நடுவில் இடைவெளி இல்லாவிட்டால் ஒரு சொல். என் அத்தை மகன் அன்றைக்கே அதை உடைத்தான். வாளோடு நின்ற காவலனைப் பார்த்து "எறிந்துவிட்டோடு!" என்றான். எழுதிப் பார்த்தால் இடைவெளி இல்லை. புணர்ச்சி விதிப்படியும் தவறில்லை: எறிந்துவிட்டு, ஓடு, இரண்டும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். காவலன் வாளையும் எறிந்தான், இடத்தையும் காலி செய்தான். ஒரு மந்திரத்துக்கு இரண்டு ஆணை. இப்படியே விட்டிருந்தால் அடுத்த வாரம் ஒரு வெண்பாவையே ஒரே மூச்சில் சொல்லியிருப்பான்.

இடைவெளியை எண்ணாதீர்கள். சந்தியைப் பிரித்து, முதன்மை வினையை எண்ணுங்கள். ஒரு முதன்மை வினைதான் இருக்கலாம். அதன்மேல் துணைவினை எத்தனை ஏறினாலும் கணக்கில்லை. 'ஓடிப்போய்விடு' என்பதில் ஓடுவது மட்டுமே வேலை, 'போ'வும் 'விடு'வும் ஒட்டிக்கொண்டு வந்தவை. செல்லும். 'எறிந்துவிட்டோடு' என்பதில் எறிவது ஒன்று, ஓடுவது ஒன்று. செல்லாது. சந்தேகம் வந்தால், அந்த ஆணையை எழுந்து நின்று செய்துகாட்டச் சொல்லுங்கள். இரண்டு அசைவு தெரிந்தால் இரண்டு சொல்.

படி 3: இரட்டைப் பொருளைச் சோதியுங்கள்

வைக்கோல் கொட்டகையில் தீப்பந்தத்தோடு ஒரு கோப்ளின். என் தங்கை "அணை!" என்றாள். கோப்ளின் உருட்டலில் தோற்றது. டிஎம் ஒரு கணம் யோசித்துவிட்டு, "கோப்ளின் பந்தத்தைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற கோப்ளினை மார்போடு அணைத்துக்கொள்கிறது" என்றார். கொட்டகை எரிந்துபோனது. விளைவைத் தீர்மானிப்பது டிஎம் என்று விதியே சொல்வதால் வாயைத் திறக்க முடியவில்லை.

அடை, படி, விடு ஆகியவையும் இதே ரகம். ஆனால் இதை உங்கள் பக்கமும் திருப்பலாம். முத்திரையிட்ட கடிதத்தோடு வந்த ஒற்றனிடம் நான் "வாசி" என்றேன். கடிதத்தைப் பிரித்து எங்கள் முன்னாலேயே வாசித்தான். நல்லவேளை, அவன் கையில் புல்லாங்குழல் இல்லை.

படி 4: செண்டிங் என்பது தந்தி

மூன்றாம் நிலை மந்திரமான செண்டிங், எவ்வளவு தூரத்தில் இருப்பவருக்கும் 25 சொற்களில் செய்தி அனுப்பும். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தந்தி அடித்த பெரியவர் வீட்டில் இருந்தால் இதற்கு அவரையே கூப்பிடுங்கள். எங்கள் செய்தி ஒன்று:

"குகையில் மாட்டிக்கொண்டோம். இருவர் மயங்கிக்கிடக்கிறார்கள். கிழக்குவாசல் இடிந்துவிட்டது. கிணற்றுவழியாக வெளியேறப்பார்க்கிறோம். கயிறும் மருந்தும் கொண்டுவாருங்கள். பூசாரியை நம்பாதீர்கள்."

மொத்தம் 13 சொற்கள். இதையே ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், முப்பதைத் தாண்டியது. 25 சொற்களை அப்படியே விட்டால் தமிழ் மேசையில் இந்த மந்திரம் கடிதமாகிவிடும். எங்கள் வரம்பு 15. சொல் எண்ணும் செயலிகள் வேண்டாம், அவை இடைவெளியைத்தான் எண்ணும். கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும்: மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஒரு சொல்.

படி 5: ஒட்டுக்கேட்பவனை ஏமாற்றுங்கள்

காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ் மந்திரம் ஒரு மணி நேரத்துக்கு எந்த மொழியையும் புரியவைக்கும், ஆனால் நேர்ப்பொருளை மட்டும். எதிரி மந்திரவாதி தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது என் தங்கை சொன்னாள்: "இவருக்கு நன்றாகக் காது குத்தி, அல்வா கொடுத்துவிட்டுக் கம்பி நீட்டிவிடலாம்." அவர் காதணி விழாவுக்கு அழைப்பு வரும் என்று காத்திருந்தார். ஒன்று கவனியுங்கள்: தமிழ்தான் அந்த உலகின் பொது மொழி என்று வைத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. எதிரிக்குத் தமிழ் தெரியாமல், மந்திரத்தை நம்பி நிற்க வேண்டும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "வாய்மூடு ஒரு சொல்லா?" என்று கேட்டிருந்தார். வினை ஒன்றுதான், ஆகவே என் விதிப்படி செல்லும். ஆனால் அதைச் செல்ல விட்டால் 'வாள்போடு', 'கதவுதிற' என்று எல்லாமே வரிசையில் வந்து நிற்கும். எனவே ஒரு திருத்தம்: உள்ளே வேற்றுமை உருபு மறைந்திருந்தால் அது இரண்டு சொல். வாயை மூடு, செல்லாது. 'பின்வாங்கு' செல்லும்.

சென்ற சனிக்கிழமை அத்தை மகன் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தான். தொகைநிலைத் தொடர் பக்கத்தில் மூலை மடித்திருந்தது.