பிள்ளைய ஸ்கூல்லயோ வாட்ஸ்அப்லயோ படுத்தி எடுக்கறாங்களா? முதல்ல என்ன பண்ணணும்

என் பொண்ணு அஞ்சாவது படிக்கும்போது வாட்டர் பாட்டில் காலைல கொடுத்தபடியே சாயங்காலம் திரும்பி வரும், நானும் தண்ணி குடிக்க மாட்டியான்னு திட்டிட்டே இருப்பேன். ரெண்டு மாசம் கழிச்சுதான் விஷயமே தெரிஞ்சது, பாத்ரூம் போனா மூணு பொண்ணுங்க வெளில தாழ்ப்பாள் போட்டுட்டு சிரிப்பாங்களாம், அதனால பாத்ரூம் போகவே வேணாம்னு இவ தண்ணிய நிறுத்திட்டா. பத்து வயசுக்கு அவளுக்கு தோணின வழி அது.

அதனால இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயத்த கவனிங்க. டிபன் பாக்ஸ் தொடாம வர்றது, திங்கக்கிழமை காலைல மட்டும் வயித்து வலி, வேன்ல ஏற மாட்டேன்னு அடம், போன் டிங்குனாலே மூஞ்சி மாறுறது.

எல்லா சண்டையும் புல்லியிங் (இப்படி ஒரு பிள்ளைய படுத்தி எடுக்கறது) இல்ல. நார்வேல டான் ஓல்வியஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1970கள்லயே இதப்பத்தி ஆராய்ச்சி ஆரம்பிச்சார், அவர் பார்த்தது மூணு விஷயம்: வேணும்னே பண்றாங்களா, திரும்பத் திரும்ப நடக்குதா, பண்றவங்க கை ஓங்கியிருக்கா. இன்னைக்கு அடிச்சுக்கிட்டு நாளைக்கு ஒண்ணா கிரிக்கெட் ஆடுறது இதுல சேராது. ஆனா தினமும் ஒரே பையனத்தான் "சோடாபுட்டி"ன்னு கூப்பிட்டு மொத்த கிளாஸும் சிரிக்குதுன்னா சேரும்.

பிள்ளை வாயத் திறந்து சொல்ற அந்த முதல் பத்து நிமிஷம்தான் முக்கியம்னு நான் நினைக்கறேன். "நீ என்ன பண்ண?"ன்னு கேட்டா கதை அதோட முடிஞ்சுது. "திருப்பி அடிச்சுட்டு வா"வும் வேணாம், அத பண்ண முடிஞ்சிருந்தா உங்ககிட்ட ஏன் வரப்போகுது. போனப் பிடுங்கிடாதீங்க, அந்த பயத்துலதான் பாதி பிள்ளைங்க சொல்றதே இல்ல. சொன்னது நல்லதுன்னு சொல்லிட்டு, எங்க, எப்போ, பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு மெதுவா கேட்டு தேதி போட்டு ஒரு நோட்ல எழுதி வைங்க.

படுத்தற பிள்ளையோட அப்பா அம்மா வீட்டுக்கு நேரா கிளம்பிடாதீங்க (நான் போனேன், அசிங்கமா முடிஞ்சது). கிளாஸ் மிஸ்கிட்ட பேசுங்க, அப்புறம் ஹெச்எம்முக்கு லெட்டரா எழுதி ஒரு காப்பில தேதியோட கையெழுத்து வாங்குங்க. யாரு கம்ப்ளைண்ட் பண்ணாங்கன்னு கிளாஸ்ல சொல்லக்கூடாதுன்னும், பிள்ளை பத்திரமா வீடு வர என்ன ஏற்பாடுன்னும் கண்டிப்பா கேளுங்க. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில, கூடப் படிக்கறவங்க தொல்ல பண்றாங்கன்னு சொன்ன பிளஸ் டூ பையன வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்குப் பின்னாடி இருந்தது ஜாதி. அதனால ஜாதி சொல்லித் திட்டினா அத "கேலி"ன்னு எழுதாதீங்க, சொன்ன வார்த்தைய அப்படியே எழுதுங்க. ஸ்கூல் அசையலன்னா தமிழ்நாட்டுல கல்வித் துறை ஹெல்ப்லைன் 14417, குழந்தைகளுக்கு 1098.

ஆன்லைன்னா, இப்ப பெரிய தொல்லை ஸ்டிக்கர்தான், தூங்கி வழியற போட்டோவ ஸ்டிக்கராக்கி கிளாஸ் குரூப்ல சுத்த விடறாங்க. உடனே பிளாக் பண்ணாதீங்க, முதல்ல நம்பர், தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட், அப்புறம் ரிப்போர்ட், கடைசியா பிளாக். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல பிரைவசி, குரூப்ஸ் போயி "மை கான்டாக்ட்ஸ்" வைங்க, கண்டவன் குரூப்ல இழுத்து போட முடியாது. இன்ஸ்டால பிளாக் பண்ணா வம்பு பெருசாகும்னு பயந்தா "ரெஸ்ட்ரிக்ட்" இருக்கு, அவன் போடற கமெண்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும், அவனுக்கு நோட்டிபிகேஷனும் போகாது.

ஆனா டிரஸ் இல்லாத போட்டோவா இருந்தா மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க, ஆதாரம்னு யாருக்கும் ஃபார்வர்டும் பண்ணாதீங்க, குழந்தை படம்கறதால அதுவே சட்டப்படி குத்தம். அனுப்பினவங்க நம்பர், லிங்க் மட்டும் குறிச்சு வச்சுட்டு மத்திய அரசோட சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் கொடுங்க. "டேக் இட் டவுன்"னு ஒரு இலவச சேவையும் இருக்கு, படத்த யாருக்கும் அனுப்பாமலே அதோட டிஜிட்டல் கைரேகைய மட்டும் எடுத்து, அதுல சேர்ந்திருக்கற தளங்கள்லேர்ந்து தூக்க வைக்கும்.

உங்க பிள்ளைதான் பண்ணுதுன்னு ஃபோன் வந்தா? "என் பிள்ளை அப்படி இல்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க. பெல்ட்டையும் எடுக்காதீங்க, அடி வாங்கினது நாளைக்கு வேற எவனையோ அடிக்கும். யார் கூட சேர்ந்து பண்ணுது, வீட்ல நாம யாரையாவது குண்டு, கருப்புன்னு சொல்லி சிரிச்சோமான்னு கொஞ்சம் யோசிச்சுட்டு, அந்த ஸ்டிக்கர அதே குரூப்ல அதே கையால டெலீட் பண்ண வைங்க.