பித்தப்பையை எடுத்தவர்கள் செய்யும் தவறுகள்: முதலில் நான் செய்தவை

சென்ற வாரம் ஓர் அம்மா தினசரிக் காலண்டர் தாள் ஒன்றை மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவருக்குப் பித்தப்பையை எடுத்து மூன்று மாதம் ஆகிறது. தாளின் பின்பக்கத்தில் வரிசையாக உணவுப் பெயர்கள். ஒவ்வொன்றின் மேலும் பேனாக்கோடு. பால், துவரம்பருப்பு, தேங்காய், முட்டை, கத்தரிக்காய், மோர் என்று 14 பெயர்களை அடித்திருந்தார். மிஞ்சியவை இட்லி, ரசம் சாதம், ரஸ்க். "இதிலும் எதையாவது விட்டுவிடட்டுமா, மேடம்?" என்று கேட்டார்.

உணவு ஆலோசகராக இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். 2013இல் எனக்கும் பித்தப்பையை எடுத்தார்கள். இதே போன்ற ஒரு பட்டியலை நானும் வைத்திருந்தேன்.

பரோட்டா வேண்டாம், பொரித்ததைக் குறையுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. வீட்டுக்கு அனுப்பும்போதே அதைச் சொல்லிவிடுகிறார்கள்.

"பித்தப்பை போனால் இப்படித்தான்" என்று இருந்துவிடுவது

என்னுடைய இரண்டு ஆண்டுகளைத் தின்ற தவறு இது. இன்றைக்கும் யாராவது இந்த வாக்கியத்தைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அறுவைக்குப் பின் மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. காலையில் காபி குடித்த கையோடு கழிப்பறைக்கு ஓட வேண்டும். எட்டு மணிக்குள் மூன்று தடவை, சில நாள் நான்கு. மஞ்சளாக, நீராக, எரிச்சலோடு போகும். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டுமென்றால் முந்தின இரவே பட்டினி கிடப்பேன். கைப்பையில் ஒரு மாற்றுப் புடவை இருக்கும். கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். நோயாளிகளிடம் மலத்தின் நிறத்தைக் கூசாமல் விசாரிக்கும் நான், என் மருத்துவரிடம் "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். "போகப் போகச் சரியாகும்" என்றார். நானும் நம்பிக் காத்திருந்தேன். ஒவ்வோர் உணவாக விட்டுக்கொண்டே வந்தேன்.

உள்ளே நடப்பது இதுதான். கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை அதில் ஒரு பங்கை வாங்கிச் சுண்டவைத்து, நாம் சாப்பிடும்போது பீய்ச்சும். பை இல்லையென்றால் பித்தநீர் நாள் முழுக்கச் சிறுகுடலில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதிலுள்ள பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பிவிடும். அதற்கும் மிஞ்சிப் பெருங்குடலுக்குள் போய்விடுகிற அமிலம் அங்கே தண்ணீரைச் சுரக்கவைத்துக் குடலை விரட்டுகிறது. பலருக்குச் சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். சிலருக்குப் பழகாது. அவர்கள் மோரை விட்டாலும் கத்தரிக்காயை விட்டாலும் தீராது.

இதற்கு மருந்து உண்டு. பித்த அமிலத்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் என்ற தூள். 2015இல் ஒரு குடல் மருத்துவர் என்னிடம் நான்கே கேள்விகள் கேட்டார்: எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, என்ன நிறம், இரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா? பதிலைக் கேட்டுவிட்டு அந்தத் தூளை எழுதிக்கொடுத்தார். தண்ணீரில் கலக்கினால் மணல் கலந்த சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி நாக்கில் நறநறக்கும். ஐந்தாம் நாள் காலை, காபியைக் குடித்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

வயிற்றுப்போக்கு நான்கு வாரத்தைத் தாண்டினால் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதிலை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மலத்தில் ரத்தம் இருந்தாலோ, எடை குறைந்துகொண்டே வந்தாலோ நான்கு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு ஒரு புதுத் தாள் கொடுத்தேன். முதல் வரியை என் எதிரிலேயே எழுதினார்: "காலை 6.40, 7.10, 7.45."

தூளோடு மற்ற மாத்திரைகளையும் சேர்த்து விழுங்குவது

அந்தத் தூள் பித்த அமிலத்தை மட்டும் பிடிப்பதில்லை. தைராய்டு மாத்திரையையும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினையும், வேறு பல மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரையை விழுங்கிய அரை மணியில் தூளையும் குடித்துவந்தேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் என் டி.எஸ்.எச். (தைராய்டு மருந்து உடம்புக்குப் போதாதபோது ஏறும் அளவு) ஏறியிருந்தது. இரண்டுக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தூளை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையலாம்.

எண்ணெயை அறவே ஒழிப்பது

பை போனதும் பித்தநீரும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பித்தநீர் இருக்கிறது, மொத்தமாகச் சேமித்துவைக்கத்தான் இடமில்லை. வேளைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் தாங்கும் வயிறு, மூன்று தேக்கரண்டியையும் மதியம் ஒரே வேளையில் ஊற்றினால் தாங்காமல் போகலாம். ஆகவே எண்ணெயைப் பகிர்ந்து சேருங்கள்.

நார்ச்சத்தை ஒரேயடியாக ஏற்றுவது

தவிடும் பச்சைக் காய்கறியும் முதல் வாரமே வேண்டாம், உப்புசம்தான் மிஞ்சும். ஓட்ஸ், கேரட், இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள்.

பழைய தொந்தரவை அறுவையின் கணக்கில் எழுதுவது

ஏப்பமும் நெஞ்செரிச்சலும் அறுவைக்கு முன்பே இருந்தனவா? இருந்தன என்றால் அவை பித்தப்பைக் கல்லால் வந்தவையாக இல்லாமலிருக்கலாம். அதைச் சொல்லி, தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லா வலிக்கும் "கேஸ்" மாத்திரை

வலது மேல்வயிற்றில் வலி, குளிரோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், கருத்த சிறுநீர், வெளுத்த மலம். இவை தெரிந்தால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பை போனாலும் பித்தநாளத்தில் கல் தங்கியிருக்கலாம். ஆண்டுகள் கழித்துப் புதிதாகவும் உருவாகலாம்.

எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் குடித்துக் "கல்லீரல் சுத்தம்"

வேண்டாம். வெளியே வரும் பச்சை உருண்டைகள் கல் அல்ல. குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகத் திரண்டவை.