மாடல் ரயில் இன்ஜின் நின்றுவிட்டதா? ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடல் ரயில் இன்ஜின் திடீரென்று நின்றால், பலரும் முதல் வேலையாக மேல்மூடியைக் கழற்றிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. நன்றாக இருந்த மோட்டாரைப் பிரித்து, உள்ளே ஒரு ஒயரையும் அறுத்துவிட்ட பிறகுதான் கோளாறு தண்டவாள இணைப்பில் இருந்தது தெரியவரும். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் நம் டெல்டாவில் யாரும் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. எங்கே அடைத்திருக்கிறது என்று தலைப்பிலிருந்து பார்த்துக்கொண்டே வருவோம். கரண்டையும் அப்படித்தான் தேட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர், தண்டவாளம், சக்கரம், சக்கரத்தை உரசும் தகடு, கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கரித்துண்டு), கடைசியில் மோட்டார்.

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் பல வீடுகளுக்கு இந்த ரயில் செட் வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்கள் மூலம்தான் வருகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் அதன் பவர் பேக் (டிரான்ஸ்ஃபார்மர்) பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. பிளக்கை மட்டும் மாற்றி நம் 230 வோல்ட்டில் செருகினால் அது கருகிவிடும், சில சமயம் இன்ஜினையும் சேர்த்துக் கெடுக்கும். சிங்கப்பூரில் மின்சாரம் 230 வோல்ட்தான், அங்கே வாங்கிய செட்டுக்கு பிளக்கின் வடிவம் மட்டும்தான் பிரச்சினை. எப்படியிருந்தாலும் அடாப்டரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் செருகாதீர்கள்.

அடுத்து, அதே இடத்தில் வேறொரு இன்ஜினை வைத்துப் பாருங்கள். அதுவும் நின்றால் முதல் இன்ஜின்மேல் குற்றமில்லை. இங்கே மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்ஜினை எடுத்துவிட்டு வெறும் தண்டவாளத்தில் அளந்தால், இணைப்பு எவ்வளவு தளர்ந்திருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டும். கரண்டை இழுக்க ஆள் இல்லாதபோது வோல்ட்டேஜ் விழாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒயர் இணைத்த இடத்திலும் தொலைவான முனையிலும் அளந்து ஒப்பிடுங்கள். தொலைவில் நன்றாகக் குறைந்தால் இணைப்புத் தகடுகள் தளர்ந்திருக்கின்றன அல்லது களிம்பேறியிருக்கின்றன. பெரிய வட்டப் பாதை என்றால் ஒரே இடத்தில் கரண்ட் கொடுத்துவிட்டு விட்டுவிடாமல், இன்னும் இரண்டு மூன்று இடங்களில் ஒயர் இறக்குங்கள்.

நாகப்பட்டினம், காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பித்தளைத் தண்டவாளத்தைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுக்காமலே வைத்த செட், தை மாதம் எடுத்தால் விக்கி விக்கி ஓடும். அதற்காக உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்காதீர்கள். அன்றைக்குப் பளபளக்கும், ஆனால் விழுந்த கீறல்களில் அழுக்கு ஏறி, சீக்கிரமே முன்னைவிட மோசமாகும். செல்போன் ரிப்பேர் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது. தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

தேங்காய் எண்ணெயும் வேண்டாம். கதவுக் கீலுக்கு விடுகிற பழக்கத்தில் இன்ஜினுக்கும் இரண்டு சொட்டு விடுகிறார்கள். அது நாளடைவில் பிசினாகி பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பரவினால் தூசியைச் சேர்த்து, கரண்ட் ஏறும் இடத்தையே மூடிவிடும். பிளாஸ்டிக்கைப் பாதிக்காத லேசான எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு, அச்சுத் தாங்கியில் மட்டும் வைத்தால் போதும்.

சக்கரத்திலிருந்து மோட்டார் முனை வரை கரண்ட் அறுபடாமல் போகிறதா என்று மீட்டரில் தொடர்ச்சி பார்க்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். வழுக்காமல் இழுப்பதற்காகச் சில சக்கரங்களில் ரப்பர் வளையம் இருக்கும். அதில் மீட்டர் முனையை வைத்துவிட்டு ஒயர் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், அந்த ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. பழைய நீராவி இன்ஜின் மாடல்கள் பலவற்றில் ஒரு பக்கக் கரண்டை இன்ஜினும் மறுபக்கத்தை அதன் பின்னால் வரும் நிலக்கரி வண்டியான டெண்டரும் எடுக்கும். இரண்டையும் இணைக்கும் கம்பி அழுக்கானாலே வண்டி நின்றுவிடும். மோட்டாரைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மோட்டார். டிஜிட்டல் டிகோடர் (தண்டவாளம் வழியாக வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்) இல்லாத இன்ஜின் என்றால் மோட்டாரின் இரண்டு முனைகளில் 9 வோல்ட் பேட்டரியை நேராகத் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு வழியில்தான் இருக்கிறது. சுற்றாவிட்டால் கம்யூட்டேட்டரின் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) பிளவுகளில் கார்பன் தூள் அடைத்திருக்கலாம். பிளேடு, குண்டூசி போட்டுச் சுரண்டினால் செம்பு கீறிப் போகும். கூராகச் சீவிய ஈர்க்குச்சி இதற்கு நல்ல கருவி. பிரஷ் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி அழுத்தத்தைக் கூட்டுவதும் தவறு, மோட்டார் சூடாகும், கம்யூட்டேட்டர் தேயும். மூன்று முனை ஆர்மெச்சர் (மோட்டாரில் கம்பி சுற்றிய சுழலும் பகுதி) என்றால் கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளுக்கு இடையே இரண்டிரண்டாக ஓம் அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் கம்பிச் சுற்று கெட்டுவிட்டது, சுத்தம் செய்வதால் பயனில்லை. மிகப் பழைய திறந்த மோட்டார்களில் ஆர்மெச்சரை வெளியே எடுப்பதைத் தவிர்க்கலாம். காந்தத்தின் இரு முனைகளையும் இரும்புத் துண்டால் இணைக்காமல் எடுத்தால் அதன் பலம் குறையும்.

டிஜிட்டல் டிகோடர் பொருத்துகிறவர்கள் அதிகம் பணம் இழப்பது ஒரே காரணத்தால்: மோட்டார் முனை இன்ஜினின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சாதாரண டிசி ஓட்டத்தில் அது தெரியாது. டிகோடர் பொருத்தியதும் முதல் ஓட்டத்திலேயே டிகோடர் எரிந்துவிடும். அதனால் பொருத்துவதற்கு முன், மோட்டாருக்கு வரும் பழைய ஒயர்களைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் சக்கரம், சட்டம் ஆகியவற்றுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள். ஒயர் நிறங்களில் ஊகம் வேண்டாம். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் பொது ஒயர். இணைத்ததும் முழுப் பாதையில் ஏற்றாமல், முதலில் புரோகிராமிங் தண்டவாளத்தில் (டிகோடரைச் சோதிக்கவும் அமைக்கவும் தனியாக வைக்கும் துண்டுப் பாதை) வைத்து டிகோடரின் எண்ணை (இன்ஜினை அழைக்கும் முகவரி) கன்ட்ரோலரைப் படிக்கச் செய்யுங்கள். அங்கே கரண்ட் குறைவாகத்தான் வரும், எங்காவது ஷார்ட் இருந்தாலும் டிகோடர் தப்பிக்க வாய்ப்பு உண்டு. எண் சரியாக வந்தால் அப்புறம் பாதையில் ஏற்றலாம்.