ஆப்பில் பழகிய போக்கரைக் கோவா படகில் ஆடப் போகிறீர்களா?

2025 ஆகஸ்டுக்கு அப்புறம் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். "போக்கர் ஆப் எல்லாம் மூடியாச்சு, கோவா போய் காசினோப் படகில் ஒரு டோர்னமெண்ட் ஆடிப் பார்க்கலாமா, போலீஸ் பிரச்சினை ஏதும் வராதே?" வராது, ஆடலாம். ஆனால் ஃபோனில் வருடக்கணக்காக ஆடியவர்கூட நேரில் உட்காரும் முதல் நாள் திருதிருவென்று முழிப்பார். நானும் முழித்தவன்தான், அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அது புரியாமல்தான் பலர் வெளிநாட்டு சைட்டில் ஆடலாம் என்று டெலிகிராமில் வருகிற ஏஜெண்ட்டிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் இந்த விவகாரம் ஐந்து வருடம் இழுபறியாக ஓடியது. 2020 நவம்பரில் அதிமுக ஆட்சி ஆன்லைனில் காசு கட்டி ரம்மி, போக்கர் மாதிரி சீட்டாட்டம் ஆடுவதைத் தடுக்க அவசரச் சட்டம் போட்டது, 2021-இல் அது சட்டமானது, அந்த ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திமுக ஆட்சி நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2022-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 வரை ஆடக்கூடாது, ஆதார் சரிபார்க்க வேண்டும் என்று விதிகள் வந்தன, ஜூனில் நீதிமன்றமும் அவற்றுக்குச் சரி சொன்னது. சரி, ஒருவழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்தபோதுதான் டெல்லியிலிருந்து வந்தது அடி, ஆன்லைன் பண விளையாட்டை நாடு முழுக்கத் தடை செய்யும் மத்தியச் சட்டம். ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள்.

இதில் கவனிக்க வேண்டியது, மத்தியச் சட்டம் பழைய சண்டைக்குள் போகவே இல்லை. 1967-இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் ரம்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து எல்லா வக்கீல்களும் வாதாடியது ஒன்றே ஒன்றுதான்: இது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? ரம்மி ஒரு பக்கம், மங்காத்தா இன்னொரு பக்கம், நடுவில் போக்கர் என்று கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் போக்கரைச் சூதாட்டம் என்றது, மேற்கு வங்கச் சட்டமோ போக்கரைச் சூதாட்டம் இல்லை என்று பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது. புதுச் சட்டம் இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டிக் காசு எதிர்பார்த்து ஆன்லைனில் ஆடுவது எல்லாமே பண விளையாட்டு, தடை என்று முடித்துவிட்டது. நடத்துகிறவருக்கு 3 வருடம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 வருடம், 50 லட்சம். ஆடுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. எதிர்த்துப் போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. திறமை ஆட்டம் என்று நம்புகிறவன் நான், ஆனால் கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் செய்தியை வாரா வாரம் படித்த மாநிலம் இது, அரசியல்வாதிகள் இதில் கை வைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தண்டனைதான் இல்லையே, வெளிநாட்டு சைட்டில் ஆடினால் என்ன என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கக் கதை ஒன்று. அங்கே 2006-இல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றின் வாலில் ஆன்லைன் சூதாட்டப் பணப் பரிமாற்றத் தடையை ஒட்டி நிறைவேற்றினார்கள். பெரிய சைட்டுகள் சில அதையும் மீறி ஓட்டின. 2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை, அரசு மூன்று சைட்டுகளின் முகவரியைப் பிடுங்கியது. அதில் ஃபுல் டில்ட் என்ற சைட்டில் காசு வைத்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முதல் தவணை திரும்ப வந்ததே 2014-இல்தான். அதுவும் அரசு தலையிட்டு, போட்டி நிறுவனம் ஒன்று அந்த சைட்டை வாங்கியதால் கிடைத்தது. டெலிகிராம் ஏஜெண்ட் ஓடிப் போனால் உங்களுக்காக யார் தலையிடுவார்கள்?

கோவா மட்டும் எப்படித் தப்பிக்கிறது என்றால், சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயம். கோவா தன் 1976-ஆம் வருடச் சட்டத்தைத் தொண்ணூறுகளில் திருத்தி, ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இயந்திர ஆட்டங்களையும், தண்ணீரில் நிற்கும் கப்பலில் மேஜை ஆட்டங்களையும் அனுமதித்தது. அதனால்தான் பணஜியில் மாண்டோவி ஆற்றில் டெல்டின் ராயல், பிக் டாடி என்ற காசினோக் கப்பல்கள் எல்லாம் மிதக்கின்றன. நம் ஊரில் மனமகிழ் மன்றத்தில் சீட்டாடினால் ரெய்டு, அங்கே ஆற்றில் மிதந்தபடி ஆடினால் லைசென்ஸ். வேடிக்கை என்னவென்றால் 2020-இலிருந்து கோவாக்காரர்கள் காசினோவுக்குள் போய் ஆடக்கூடாது, வெளியூர்க்காரர்களுக்குத்தான் இடம். 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரிஜினல் ஆதாரும் பான் கார்டும் கையில் இருக்கட்டும், ஷார்ட்ஸும் செருப்புமாகப் போகாதீர்கள்.

இனி டோர்னமெண்ட். பெரிய காசினோக்கள் வருடத்தில் சில தடவை போக்கர் திருவிழா மாதிரி ஒரு வாரம் நடத்துவார்கள். அட்டவணையில் முதல் பரிசை மட்டும் பார்க்காமல் மூன்று விஷயம் பாருங்கள்: ஆரம்பத்தில் எத்தனை சிப் (காசுக்குப் பதில் வைத்து ஆடுகிற வில்லை), ஒரு லெவல் (கட்டாயப் பந்தயம் ஏறுவதற்கு நடுவில் உள்ள நேரம்) எத்தனை நிமிடம், பை-இன்னில் (உள்ளே வரக் கட்டுகிற காசில்) எவ்வளவு பரிசுக்குப் போகிறது, எவ்வளவு அவர்கள் கட்டணம். அப்புறம் வரி. காசினோவுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-இலிருந்து 40 சதவீதம், அதனால் சொல்கிற பை-இன் எல்லாம் சேர்த்தா, மேலே ஏதாவது வருமா என்று புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள்.

லெவல் நேரத்தை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஆப்பில் கை (சீட்டுப் போட்டு முடிகிற ஒரு ஆட்டம்) மளமளவென்று ஓடும், நேரில் டீலர் கலைத்துப் போட்டு ஆடினால் மணிக்கு 25, 30 கைதான். 30 நிமிட லெவல் என்றால் 14 கை. ஒன்பது பேர் உட்கார்ந்த டேபிளில் அது ஒன்றரைச் சுற்று, அதற்குள் பிளைண்ட், அதாவது ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் சீட்டு வருவதற்கு முன்பே வைக்க வேண்டிய சின்னதும் பெரியதுமான கட்டாயப் பந்தயம், ஏறிவிடும். ஜோடி ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒரு தடவைதான் வரும், அதாவது எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. நல்ல கை வரட்டும் என்று காத்திருக்கிறவர் ஜோடி ஏஸைப் பார்க்கும்போது அவரிடம் சிப்பே இருக்காது. 30,000 சிப்போடு ஆரம்பிக்கிறீர்கள், பிளைண்ட் 100/200 என்றால் கையில் 150 பிக் பிளைண்ட், ராஜா மாதிரி இருக்கும். ஒரு கைகூட தோற்காமல் அதே 30,000-த்தோடு 1,000/2,000 வரை வந்தால் வெறும் 15. பெரிய பிளைண்ட் வைப்பவர் கூடவே இன்னொரு பிக் பிளைண்ட் அளவுக்கு வைக்கிற ஆன்ட்டே பந்தயத்தையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு இரண்டரை பிக் பிளைண்ட் கரைகிறது. பத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சின்னச் சின்ன ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது) எல்லாம் மறந்துவிட்டு ஆல்-இன் (மொத்தச் சிப்பையும் வைப்பது) அல்லது ஃபோல்டு (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது), அதுவும் உங்களுக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்டு பண்ணி, நீங்கள் பட்டன் (டீலர் குறி இருக்கிற இருக்கை) பக்கம் இருக்கும்போது சுமாரான கையோடும் ஆல்-இன் தள்ளுங்கள்.

இப்போது என் கதை. முதல் டோர்னமெண்ட், முதல் மணி நேரம், பிளைண்ட் 100/200, கையில் ஏஸ்-கிங். 1,000-க்கு ரெய்ஸ் பண்ண நினைத்து, ஆப்பில் பட்டன் அழுத்துகிற பழக்கத்தில், ஒரு 1,000 சிப்பை எடுத்து வாயைத் திறக்காமல் முன்னால் வைத்தேன். டீலர் "கால்" (இருக்கிற 200-க்குச் சமமாக மட்டும் வைப்பது) என்று சொல்லிவிட்டு 800 மீதியைத் தள்ளினார். நான் ரெய்ஸ் என்றேன். அவர் சிரித்தபடி தலையாட்டினார், அவ்வளவுதான். வாயால் சொல்லாமல் ஒற்றைப் பெரிய சிப்பைப் போட்டால் அது கால் என்பது ஏறக்குறைய உலகம் பூரா ஒரே விதி. மலிவாகக் கிடைத்ததால் நாலு பேர் உள்ளே வந்தார்கள். பிளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாக விரிக்கிற முதல் மூன்று சீட்டு) ஏஸ், 8, 6. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) 4. பிக் பிளைண்டில் இருந்தவரிடம் 7-5, அவருக்கு 4 முதல் 8 வரை வரிசை சேர்ந்துவிட்டது, நான் ரெய்ஸ் பண்ணியிருந்தால் பார்க்காமலே தூக்கிப் போட்டிருப்பார். ஆரம்பச் சிப்பில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கையில் போனது.

அதனால் எதைச் செய்தாலும் முதலில் வாயால் சொல்லுங்கள்: "ரெய்ஸ், ஆயிரம்." சொன்ன சொல்தான் கணக்கு. சிப்பைக் கொஞ்சம் வைத்து, எதிராளி முகத்தைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வைப்பது செல்லாது, ஒரே தடவையில் வையுங்கள். உங்கள் முறை வரும் வரை சீட்டைத் தூக்காதீர்கள், ஆர்வத்தில் முன்கூட்டியே ஃபோல்டு பண்ணாதீர்கள். சீட்டின்மேல் ஒரு சிப்பை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஓரத்து இருக்கையில் இருப்பவரின் சீட்டை டீலர் தெரியாமல் வாரிக்கொண்டு போனால் திரும்பக் கிடைக்காது. பெரிய சிப்புகளை முன்னால், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அடுக்குங்கள். கை ஓடும்போது ஃபோன் வேண்டாம். கூடவே, நண்பர் அதே டேபிளில் உட்கார்ந்தால் தமிழில் பேசாதீர்கள். நாம் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவோம், ஆனால் மற்றவர்களுக்குக் கூட்டு சேர்ந்து ஆடுகிற மாதிரி இருக்கும், எச்சரிக்கை வரும்.

சாட்டிலைட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய பை-இன்னைக் கட்ட முடியாதவர்கள் சின்னக் காசில் ஆடி டிக்கெட் ஜெயிக்கிற வழி அது. கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்க அக்கவுண்டண்ட் 2003-இல் ஆன்லைனில் 86 டாலர் கட்டி, 10,000 டாலர் பை-இன் உள்ள போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தது இந்த வழியில்தான். அந்த வருடம் 839 பேர் ஆடிய போட்டியில் அடுத்த வருடம் 2,576 பேர். இங்கேயும் ஆப்பில் ஜெயித்துக் கோவா டிக்கெட் வாங்குகிற பாதை இருந்தது, அது அடைபட்டுவிட்டது. இப்போது நேரில் நடக்கிற சாட்டிலைட்தான். அதில் 10 டிக்கெட், 11 பேர் மிச்சம், நீங்கள் சிப்பில் மூன்றாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட அதிகச் சிப் உள்ளவர் ஆல்-இன் போகிறார், உங்கள் கையில் ஜோடி ஏஸ். ஃபோல்டு பண்ணுங்கள். முதலில் வருகிறவருக்கும் பத்தாவது வருகிறவருக்கும் ஒரே டிக்கெட்தான், ஜெயித்தால் கூடுதலாக ஒன்றும் இல்லை, தோற்றால் எல்லாம் போச்சு. சாதாரண டோர்னமெண்டில் இதே கையை ஃபோல்டு பண்ணினால் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ரீ-என்ட்ரி, அதாவது வெளியேறியபின் மறுபடி காசு கட்டி உள்ளே வருவதுதான், பர்ஸை ஓட்டையாக்குகிற இடம். பை-இன் 25,000 என்று வைப்போம். இரண்டு தடவை வெளியேறி, மூன்றாவது தடவை உள்ளே போய், கடைசியில் 60,000 ஜெயிக்கிறீர்கள். போட்டது 75,000. பத்தாயிரத்துக்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி), முழுப் பரிசுக்கும் பிடித்தால் 18,000 போய் 42,000 கையில் வரும். பரிசு வாங்கிக் கைதட்டலும் வாங்கி 33,000 நஷ்டம், விமானமும் ரூமும் தனி. தோற்ற காசை இதில் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் விடாது. அதனால் பரிசில் எந்தத் தொகைக்கு வரி பிடிப்பார்கள் என்று கவுண்டரில் கேட்டுவைத்து, சான்றிதழையும் மறக்காமல் வாங்குங்கள். என் கணக்கு ஒரு டோர்னமெண்டுக்கு இரண்டு என்ட்ரி, அதற்கு மேல் இல்லை. அந்தக் காசை மட்டும் எடுத்துக்கொண்டு, டெபிட் கார்டை ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் படகு ஏறுவேன்.

வெளியேறுகிற நேரமும் வரும், பெரும்பாலானோருக்கு வரும், பரிசு கிடைப்பது நூறில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். போக்கர் ரூமிலிருந்து படகுத் துறைக்குத் திரும்பும் வழியில் ரூலெட், அந்தர் பாஹர் என்ற சூதாட்ட மேஜைகள் வரிசையாக இருக்கும், எரிச்சலோடு வருகிறவருக்காகவே வைத்த மாதிரி. பஃபே நுழைவுக் கட்டணத்தில் சேர்ந்திருந்தால் நேராக அங்கே போய்ச் சாப்பிடுங்கள், அப்புறம் ஃபெர்ரி.