இஞ்ச் டேப் ஒன்று போதும்

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமவாய்ப்பு பற்றி புராஜெக்ட் கொடுத்தால் நேரே கூகுளில் போய் விழுவார்கள். அதற்குப் பதில், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தை அளந்துவர இஞ்ச் டேப்போடு ரேஷன் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். 1 அடி உயரம் ஏற, சாய்தளம் 12 அடி நீளம் இருக்க வேண்டும். வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி. பல இடங்களில் அதில் பாதிகூடத் தேறாது, சறுக்குமரம்தான்! அதன்மேல் பைக்கை நிறுத்தியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளட்டும்.

டேப்பை மடித்து வைத்துவிட்டு, சக்கர நாற்காலியில் வருபவரிடமும் கைத்தடி ஊன்றி வரும் பாட்டியிடமும் "எந்த இடத்துல சிரமமா இருக்கு?" என்று கேட்கட்டும். நம் கண்ணில் படாத ஒரு இஞ்ச் நிலைப்படியை அவர்கள் காட்டுவார்கள்.

சாய்தளத்துக்கு என்ன செலவானது என்று அறிய ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். கையெழுத்தை மட்டும் அப்பாவோ டீச்சரோ போடட்டும்.