ஆளில்லாத நேரத்தில் மின்சாரம் போனால்: யூ.பி.எஸ்ஸைக் கணினியோடு இணைப்பது எப்படி?

மாதாந்திரப் பராமரிப்புக்காக மதுரையில் எந்தப் பகுதிக்கு என்றைக்கு மின்தடை என்பது முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். சொல்லாமல் கொள்ளாமல் போகும் மின்சாரத்துக்குத்தான் யூ.பி.எஸ். ஆனால் அந்த நேரம் நீங்கள் கடைத்தெருவில் இருந்தால்? யூ.பி.எஸ். கத்திக் கத்தி ஓயும். கணினியும் பொட்டென்று அணைந்துவிடும். பேட்டரி தீரும் முன்பு கணினி தானாகவே மூடிக்கொள்ளும்படி செய்வதுதான் நம் வேலை.

படி 1: யூ.பி.எஸ்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரிண்டர் வயரைச் செருகுவோமே, அதே போன்ற சதுர யூ.எஸ்.பி. துளை இருக்க வேண்டும். விலை குறைந்த 600 வி.ஏ. (யூ.பி.எஸ்ஸின் திறனைச் சொல்லும் அளவு) மாடல்கள் பலவற்றில் இது இருப்பதில்லை. புதிதாக வாங்குவதானால், டவுன்ஹால் ரோட்டுக் கடையோ வேறெங்கோ, பெட்டியைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

படி 2: அந்தத் துளையையும் கணினியையும் யூ.எஸ்.பி. வயரால் இணையுங்கள். விண்டோஸ் பெரும்பாலும் தானே அடையாளம் கண்டுகொள்ளும். மடிக்கணினியில் தெரிவது போலப் பேட்டரிப் படம் திரையின் கீழ் மூலையில் வரும். வராவிட்டால் தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருளை நிறுவுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'நட்' என்ற இலவச மென்பொருள் உண்டு.

படி 3: எப்போது மூடுவது? கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'பேட்டரி' என்பதை விரியுங்கள். 'லோ பேட்டரி லெவல்' 60, 'கிரிட்டிக்கல் பேட்டரி லெவல்' 40 என்று வையுங்கள். 'கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன்' என்ற இடத்தில் 'ஹைபர்நேட்' கொடுங்கள். திறந்திருக்கும் வேலை அப்படியே கணினியின் வன்வட்டில் பதிந்து, கணினி அணைந்துவிடும். 'ஸ்லீப்' வேண்டாம், அதிலும் பேட்டரி கரையும்.

40 அதிகமில்லையா என்று கேட்பீர்கள். திரையில் தெரியும் சதவீதம் ஒரு மதிப்பீடுதான். பேட்டரி பழசானால் 30-இலிருந்து ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

படி 4: சோதித்துப் பாருங்கள். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த் இணைப்பும் போய்விடும். பேட்டரிப் படம் மாறுகிறதா, 40-இல் கணினி மூடிக்கொள்கிறதா என்று கூடவே உட்கார்ந்து பாருங்கள். இரண்டே நிமிடத்தில் பாதிக்கு இறங்கினால் பேட்டரி போய்விட்டது என்று பொருள்.

நம் ஊரில் அது சீக்கிரம் போவதில் வியப்பில்லை. ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரிதான் இதமான சூடு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அக்னி நட்சத்திரத்தில் 40-ஐத் தொடும் ஊர் இது. எனவே யூ.பி.எஸ்ஸை மேசைக்கடியில் திணிக்காமல் காற்றோட்டமாக வையுங்கள். மாற்றும்போது பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள், குப்பையில் போடாதீர்கள்.